உரிமையாளர் தோரு, கால்நடை சோனுன்

அக்டோபர் பன்னிரண்டாம் தேதி, திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, தலைநகர் பிஷ்கெக்கில் உள்ள ஒருமைப் பதிவேட்டு மையத்தின் மூன்றாம் மாடியில் தொலைபேசி அடித்தது. அறையில் பதினான்கு பேர் இருந்தார்கள். பதிமூன்று பேர் அந்த மையத்தில் ஓராண்டுக்கு மேல் வேலை பார்த்தவர்கள், ஆகவே யாரும் எடுக்கவில்லை. எல்முராத் சேர்ந்து ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. அவன் எடுத்தான்.

"கீழ ஒரு குதிரை வந்திருக்கு," என்றாள் வரவேற்பு மேசைப் பெண். "மேல அனுப்பவா, நீங்க வர்றீங்களா?"

"குதிரையா?"

"பாத்தா பொம்பள மாதிரிதான் இருக்காங்க. ஸ்கிரீன்ல குதிரைன்னு வருது. நான் என்ன பண்ணட்டும்?"

எல்முராத்துக்கு முப்பத்தாறு வயது. இதற்கு முன் ஒரு வாடகைக்கார் கம்பெனிக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தான். அங்கே அவன் ஒரு தப்பு செய்தால் வண்டி வேறு தெருவுக்குப் போகும், ஐந்து நிமிடத்தில் திட்டு வரும், பத்து நிமிடத்தில் திருத்திவிடுவான். அரசு வேலையில் திட்டு விழாது என்று கேள்விப்பட்டு இங்கே வந்திருந்தான். கேள்விப்பட்டது உண்மைதான்.

கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்கு ஐம்பத்திரண்டு வயதிருக்கும். கனமான கம்பளிக் கோட்டு. கழுத்தில் இறுக்கிச் சுற்றிய துணி, அதற்குள் ஒரு பக்கம் புடைத்திருந்தது. பெயர் சோனுன். அத்-பாஷியில் பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியை.

"தம்பி, நீங்கதான் கம்ப்யூட்டர் ஆளா?"

"ஆமா எஜே," என்றான். வயதில் மூத்த பெண்ணை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"நான் குதிரை இல்லைன்னு ஒரு தாள்ல எழுதி முத்திரை போட்டுக் குடுங்க. நாலு மணி வண்டியப் பிடிக்கணும்."

அவள் கதை சிறியது. செப்டம்பரில் ஒரு பெண்குதிரை வாங்கினாள். பெயர் தோரு, ஐந்து வயது. சட்டப்படி கிராம அலுவலகத்தில் பதிவு செய்தாள். அதற்கு மூன்று வாரம் கழித்து, கழுத்துக் கட்டியை எடுப்பதற்காக பிஷ்கெக் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அறுவை சிகிச்சைக்கு அக்டோபர் இருபத்தெட்டாம் தேதி என்று முன்பே நாள் குறித்திருந்தது. கவுண்டரில் அவளுடைய எண்ணைத் தட்டினார்கள். 'இந்தக் கோப்பு கால்நடைத் துறைக்கு மாற்றப்பட்டது' என்று வந்தது.

"டாக்டர் நல்ல மனுஷன்," என்றாள் சோனுன். "'கட்டிய நான் எடுத்துடுவேன் எஜே, மயக்க மருந்து குடிமக்கள் எண்ணுக்குத்தான் குடுப்பாங்க'ன்னாரு. 'குதிரைக்கு உள்ளது வேணா வாங்கிக்கலாம், ஆனா நீங்க ரெண்டு நாள் தூங்குவீங்க'ன்னாரு."

கைப்பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து நீட்டினாள். முதலாவது கால்நடைத் துறையிலிருந்து வந்தது. சோனுன் என்னும் குதிரைக்கு ஐம்பத்திரண்டு வயது ஆகியிருப்பதைக் கண்டு அத்துறையின் ஆய்வகம் வியப்பைத் தெரிவித்திருந்தது. இவ்வளவு வயதான விலங்கைத் தீனி போட்டு வைத்திருப்பது சிக்கனத்துக்கு எதிரானது என்பதால், நவம்பர் முதல் தேதிக்குள் அறுத்துவிடுமாறு உரிமையாளரைக் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டாவது கல்வித் துறையிலிருந்து வந்தது. இருபத்தொன்பது ஆண்டுகள் வேதியியல் கற்பித்தமைக்காக, ஆசிரியர் தினத்தை முன்னிட்டு, குடிமகள் தோருவுக்குப் பதக்கம்.

"இருபத்தொம்போது வருஷத்துல மூணு தடவ விண்ணப்பம் போட்டேன் தம்பி. எனக்குக் குடுக்கல. அது வந்து முழுசா ஒரு மாசம் ஆகல, அதுக்குக் குடுத்துட்டாங்க."

எல்முராத் மேலே போய் ஒரு மணி நேரத்தில் கோளாறைக் கண்டுபிடித்தான்.

ஒருமைப் பதிவேட்டின் பெருமையே அதன் ஒருமைதான். நாட்டில் உள்ள மனிதர், குதிரை, தேன்கூட்டுப் பெட்டி, டிராக்டர், வாதுமை மரம் எல்லாவற்றுக்கும் ஒரே தொடர் எண். நிரலிலும் அப்படியே. எல்லாம் 'இருப்பு' என்ற ஒரே வகையின் பிள்ளைகள். பதிவேட்டில் ஒரு வரி யாருடையது என்பதற்கு உள்ள ஒரே அடையாளம் வெறும் எண். உடைமையைப் பதியும் கட்டளை இரண்டு எண்களைக் கேட்கும். முதலில் உரிமையாளர், அடுத்து உடைமை. கிராம அலுவலகங்களுக்கென்று செப்டம்பரில் எழுதிய புதுப் பகுதியில் யாரோ இந்த வரிசையை மாற்றிக் கொடுத்திருந்தார்கள். எண்ணைப் பார்த்து அது ஆளா குதிரையா என்று எந்திரத்துக்குத் தெரியாது. கொடுத்ததை வாங்கிக்கொண்டது. ஞாயிறுதோறும் ஓடும் ஒரு சரிபார்ப்பு, முதல் பத்தியில் இருப்பவற்றைக் குடிமக்கள் என்றும் இரண்டாம் பத்தியில் இருப்பவற்றைக் கால்நடை அல்லது பொருள் என்றும் முத்திரை குத்தியது. அவ்வளவுதான்.

திருத்தமும் சின்னதுதான். மனிதரின் எண்ணுக்கு ஒரு வகை, குதிரையின் எண்ணுக்கு இன்னொரு வகை என்று நிரலில் பிரித்துவிட வேண்டும். உள்ளே இருப்பது அதே எண்தான். ஆனால் மனித எண் கேட்கும் இடத்தில் குதிரை எண்ணைக் கொடுத்தால், எழுதியதை எந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் ஏற்காது, நிரலே உருவாகாது. மண்ணெண்ணெய் டின்னுக்கும் சமையல் எண்ணெய் டின்னுக்கும் வேறு வேறு மூடி போடுவது போல. எல்முராத் கையை விசைப்பலகையில் வைத்தான்.

"கைய எடு," என்றான் பக்கத்து மேசை தாவ்லெத். "அது பேரவை விஷயம்."

"எந்தப் பேரவை?"

தாவ்லெத் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உற்சாகமாகச் சொன்னான். அடையாள எண் உருவமைப்புப் பேரவை என்று ஒன்று இருக்கிறதாம். பதிவேட்டின் ஒரு வரியை நிரலுக்குள் எந்த உருவத்தில் சுட்டுவது என்று முடிவெடுக்க உண்டானதாம். பதினோரு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறதாம்.

"மூணு கட்சி. அடையாளம்னா எண்ணா இருக்கணும்ங்கறது ஒண்ணு. எழுத்தா இருக்கணும்ங்கறது ஒண்ணு. மூணாவது முப்பத்தாறு கட்சி. முப்பத்தாறு எழுத்துல கன்னாபின்னான்னு ஒரு சரம், பிரபஞ்சத்துலயே ரெண்டு தடவ வராதாம். வருஷா வருஷம் மே மாசம் இசிக்-குல் ஏரிக்கரைல பத்து நாள் கூடுவாங்க. நல்ல மீன் கிடைக்கும்."

"மனுஷன் எண்ணும் குதிரை எண்ணும் கலக்கறதப் பத்தி?"

"அது செயல்முறை விவகாரம். அவங்க தத்துவத்துல இருக்காங்க."

இயக்குநர் ஷர்ஷென் ஒசோரோவிச்சின் அறை வாசலில் அவருடைய பெயர் இல்லை. '1' என்று மட்டும் பித்தளையில் பதித்திருந்தது. பதிவேடு தொடங்கிய அன்று முதல் வரியை அவரே தன் கையால் சேர்த்தார். இரண்டாவது, பேரவைத் தலைவி கிளாரா ஜெக்ஷெனோவ்னா. இயக்குநரின் ஓட்டுநர் ஒன்பது. மைத்துனி பதினான்கு. மையத்தில் மூன்று இலக்க எண் உள்ளவர்கள் தனிக் கழிப்பறைக்குப் போனார்கள். ஏழு இலக்கக்காரனான எல்முராத்துக்கு தேநீர் கொடுத்து, எண்ணெயில் பொரித்த போர்சோக் மாவுத்துண்டுகளையும் தட்டோடு நகர்த்தியது இயக்குநரின் பெருந்தன்மை.

"நீங்க சொல்றது புரியுது," என்றார் ஷர்ஷென் ஒசோரோவிச். "மனுஷனுக்கு ஒரு வகை, குதிரைக்கு ஒரு வகை. இத வெளிய எங்கயும் சொல்லிடாதீங்க. நாம மலை நாட்டுக்காரங்க. குதிரைய நாம என்னிக்குத் தம்பி பிரிச்சுப் பாத்தோம்?"

"அந்தம்மாவுக்கு இருபத்தெட்டாம் தேதி ஆபரேஷன், ஷர்ஷென் ஒசோரோவிச். பதிவுல அந்த ஒரு வரிய மட்டும் திருத்திட்டா போதும்."

"எதத் திருத்தறது?"

"தப்ப."

"பதிவேட்டுல தப்பு கிடையாது. விதி நாலுல எழுதியே இருக்கு, 'பதிவேடு பிழையற்றது'ன்னு. இல்லாத தப்ப நீங்க திருத்துனா, அதுதான் முதல் தப்பா ஆயிடும். அந்தப் பழி உங்க மேல வரணுமா? நீங்க சின்ன வயசு."

அவர் இரக்கத்தோடு ஒரு வழி சொன்னார். உடைமை விவரம் மாறவேண்டுமென்றால் உரிமையாளர் நேரில் வந்து பேரவைக்கு மனுக் கொடுக்கலாம்.

"உரிமையாளர் குதிரை, ஐயா."

"வரட்டுமே. நாங்க யாரையும் தடுக்கறதில்ல."

புதன்கிழமை எல்முராத் சோனுனுக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவள் சிரித்தாள். சிரிப்பு கழுத்தில் சிக்கி இருமலாயிற்று. இருமல் நின்றபின், தன் மைத்துனரிடம் லாரி இருப்பதாகச் சொன்னாள்.

"சீக்கிரம் வர்றது நல்லதுதான் தம்பி. நேத்து காது குத்த வந்துட்டாங்க."

"யாரு?"

"எங்க ஊர் கால்நடை டாக்டர். எங்கிட்ட படிச்ச பையன். வகுப்பு நடக்குது, வாசல்ல நின்னு அழறான். 'எஜே, உங்க காதுல மஞ்சள் வில்லை மாட்டலேன்னா என் வேலை போயிடும், பல்லையும் எண்ணணும்'னான். பல்லக் காட்டினேன். வில்லைய வாங்கிக் கோட்டுல குத்திக்கிட்டேன். 'அமில மழை பாடத்தப் படிச்சியாடா'ன்னு கேட்டேன். இல்லைன்னான். அன்னிக்கும் படிக்கல."

பேரவை கூடிய இருபத்து மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை, லாரி மையத்தின் வாசலில் வந்து நின்றது. தோரு நல்ல செம்பழுப்புக் குதிரை. எட்டு மணி நேரப் பயணத்துக்குப் பின்னும் அமைதியாக இறங்கியது. நுழைவாயிலின் சுழல்தடுப்பு அதன் காதுச் சில்லைப் படித்துப் பச்சை விளக்கைக் காட்டியது. 'வருக, குடிமகள் தோரு' என்றது ஒரு பெண் குரல். தோரு உள்ளே போயிற்று. சோனுனுக்குச் சிவப்பு எரிந்தது.

காவலாளி வெள்ளை மீசைக்காரர். கையை விரித்தார். "விலங்கு தனியா உள்ள போகக் கூடாதும்மா."

"பைகே, இவங்கதான் மனுஷி," என்றான் எல்முராத், பெரியவரை அண்ணன் முறை வைத்து.

"எனக்குத் தெரியாதா? எங்கண்ணு நல்லாத்தான் இருக்கு. அந்த விளக்குக்குத்தான் தெரியல, விளக்குக்குத்தான் சம்பளம் குடுக்கறாங்க." அவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "இதோ இருக்கு. உரிமையாளரோட சேர்ந்து வர்ற விலங்கு, கயிறு கட்டியிருந்தா, வரலாம். கயிறு இருக்கா?"

"கயிறு குதிரை கழுத்துல இருக்கு. நான் மறுமுனையப் பிடிச்சிருக்கேன்," என்றாள் சோனுன்.

"எந்த முனைன்னு இதுல போடல. கயிறு உண்டுன்னு எழுதிக்கறேன். போங்க."

பேரவை மண்டபம் கீழ்த்தளத்தில் இருந்தது. முப்பது நாற்காலி, சிவப்புத் தரைவிரிப்பு, ஒவ்வொருவர் முன்னாலும் வாதுமைப்பருப்பும் கிஸ்மிஸும் வைத்த கிண்ணம். கூட்டம் செல்லுபடியாக இருபத்தொரு பேர் வேண்டும். வந்திருந்தவர்கள் இருபது. மூன்று வருடமாக எப்போதும் இருபதுதான், மே மாதம் ஏரிக்கரையில் கூடுவதைத் தவிர. ஆனால் மனுதாரரான குடிமகன் நேரில் வந்தால் அவரையும் எண்ணிக்கையில் சேர்க்கலாம் என்று பேரவையின் விதி சொல்லிற்று. கிளாரா ஜெக்ஷெனோவ்னா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து எண்ணினார். இருபது. தோருவைப் பார்த்தார். இருபத்தொன்று.

மண்டபம் கைதட்டியது. செயலாளர் 'குடிமகள் தோரு, ஆசிரியை, பதக்கம் பெற்றவர்' என்று எழுதிக்கொண்டார். இரண்டு உறுப்பினர்கள் எழுந்து பதக்கத்துக்காக வாழ்த்தினார்கள். ஒருவர் தன் கிஸ்மிஸ் கிண்ணத்தையே நீட்டினார். சோனுன் கயிற்றைப் பிடித்தபடி சுவரோரம் நின்றாள். அவளுக்கு நாற்காலி இல்லை.

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி," என்று கிளாரா ஜெக்ஷெனோவ்னா தொடங்கினார், "ஒரு வரியோட அடையாளம் நிரலுக்குள்ள என்ன உருவத்துல இருக்கணும்னு இந்தப் பேரவை கேட்டுச்சு. எத்தனையோ மாறிடுச்சு. கம்ப்யூட்டர் மாறிச்சு, கட்டடம் மாறிச்சு. இன்னிக்கும் நாம அதே கேள்வியத்தான் கேட்டுக்கிட்டிருக்கோம். இந்த உறுதி வேற எந்த நாட்டுல இருக்கு?"

எழுத்துக் கட்சித் தலைவர் எழுந்தார். "எண்ண எண்ணாவே வெச்சா முன்னாடி பூஜ்யம் நிக்காது. எழுத்தா வெச்சா எத்தன பூஜ்யம் வேணும்னாலும் போடலாம். பூஜ்யம் சேரச் சேர ஒரு கம்பீரம் வரும். எதிர்ல இருக்கறவன் பயப்படுவான். அரசாங்கத்துக்கு வேற என்னங்க வேணும்?"

முப்பத்தாறு கட்சித் தலைவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். "எங்க அடையாளத்த யாராலும் படிக்க முடியாது, ஞாபகம் வெச்சுக்க முடியாது. புகார் சொல்ல போன் பண்றவன் முப்பத்தாறு எழுத்தயும் தப்பில்லாம சொல்லி முடிக்கறதுக்குள்ள மதியச் சாப்பாட்டு நேரம் வந்துடும். ஒரு மாவட்டத்துல சோதனை பண்ணிப் பாத்தோம். புகார் பத்துல ஒண்ணா குறைஞ்சிருக்கு. அந்த ஒருத்தர் ரொம்பப் பிடிவாதக்காரர்."

இந்த இடத்தில் தோரு வாலைத் தூக்கித் தரைவிரிப்பின் மேல் சாணமிட்டது. அன்று அந்த மண்டபத்தில் வெளிப்பட்டவற்றுள் எதற்காவது உபயோகப்படக்கூடியது அது ஒன்றுதான். செயலாளர் சற்று யோசித்து 'மனுதாரர் குறுக்கிட்டார்' என்று எழுதினார்.

எல்முராத்துக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். அவன் திரையில் மனித எண்ணுக்கு ஒரு வகையும் குதிரை எண்ணுக்கு ஒரு வகையும் எழுதிக் காட்டினான். பிறகு வேண்டுமென்றே இரண்டையும் மாற்றிக் கொடுத்தான். அந்த வரியின் கீழ் சிவப்புக் கோடு விழுந்தது. "பாருங்க," என்றான். "இனிமே எந்த மனுஷியும் குதிரையாக முடியாது. நாலு நாள் வேலை. பதிவேட்டுல ஒரு எண்ணக்கூட மாத்த வேண்டாம்."

கிண்ணங்களில் பருப்பு உடையும் சத்தம் நின்றது. இயக்குநர் ஷர்ஷென் ஒசோரோவிச் முன்னால் சாய்ந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஒரு சின்ன சந்தேகம். இப்ப ஒண்ணாம் எண்ணும் ரெண்டாம் எண்ணும் இருக்குன்னு வைங்க. இதுல எது முந்தினதுன்னு நிரல் கேக்கலாமில்ல?"

"முடியாதுங்க. ரெண்டும் ஒரே ஆளா, வேற ஆளான்னு மட்டும்தான் கேக்க முடியும். அதுக்கு மேல கேட்டா கம்பைலர் விடாது. அடையாளத்துல பெருசு சின்னது கிடையாதே."

"கிடையாதா?"

"கூட்ட முடியாது, கழிக்க முடியாது, வரிசைப்படுத்த முடியாது. அடையாளத்த வெச்சு அதெல்லாம் செய்ய வேண்டியதில்லயே."

ஓட்டுநர், எண் ஒன்பது, பேரவை உறுப்பினர், கையிலிருந்த தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அப்ப," என்றார் இயக்குநர் மெதுவாக, "நான் முதல் ஆளுன்னு கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"நானும் தெருவுல போறவனும்?"

"வேற வேற ஆளுன்னு தெரியும், ஷர்ஷென் ஒசோரோவிச். ஆனா சமம்தான்."

பதினோரு வருடத்தில் முதன்முறையாக மூன்று கட்சிகளும் ஒன்றுபட்டன. எண் கட்சிக்காரர் எழுத்துக் கட்சிக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நாட்டின் அமைதியைக் குலைக்கும் யோசனை என்று ஒருவர் சொன்னார். எதிர்காலத்தில் குதிரைகள் வழக்குப் போடும் என்று இன்னொருவர் சொன்னார். வாக்கெடுப்பில் இருபது பேர் எதிர்த்தார்கள், தோரு நடுநிலை வகித்தது. நிரல் இப்போதிருக்கும் நிலையிலேயே, இரண்டு பத்திகளின் வரிசை உட்பட, ஒரு எழுத்தும் மாறாமல் மே மாதக் கூட்டம் வரை நிலைத்திருக்கும் என்று தீர்மானம் நிறைவேறியது.

"என் மனு?" என்றாள் சோனுன்.

கிளாரா ஜெக்ஷெனோவ்னா முகத்தைச் சுளித்தார். "கால்நடைகள் பேச விதி இல்ல. உரிமையாளருக்கு ஏதாவது சொல்லணும்னா சொல்லலாம்." எல்லோரும் தோருவைப் பார்த்தார்கள். அது கிஸ்மிஸ் தின்றுகொண்டிருந்தது. "உரிமையாளருக்கு ஆட்சேபணை இல்ல. மனு மே மாசத்துக்குத் தள்ளி வைக்கப்படுது."

"மே மாசம் நான் இருக்கணுமே!" சோனுனின் குரல் அந்தக் கட்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பிற்று. "இருபத்தொம்போது வருஷமா பாடம் நடத்தறேன். மக்குப் பசங்கள நிறையப் பாத்திருக்கேன். ஒருத்தன்கூட தெரியலைங்கறதுக்குக் கூட்டம் போட்டுக் கைதட்டினதில்ல."

செயலாளர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். குதிரை சொன்னதை எழுதும் வழக்கம் இல்லை.

வெளியே நடைக்கூடத்தில் சோனுன் சுவரில் சாய்ந்து நின்றாள். எல்முராத்துக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. "நான் சரியாப் பேசல எஜே. அந்த 'எது முந்தினது'ங்கற கேள்விக்கு ஏதாவது பொய் சொல்லியிருக்கணும்."

"விடுங்க. அந்தத் தீர்மானத்துல என்ன சொன்னாங்க? எனக்குக் காது அடைச்சிடுச்சு."

"இப்ப இருக்கற மாதிரியே இருக்குமாம். முதல்ல குடுக்கறத ரெண்டாவதாவும் ரெண்டாவதா குடுக்கறத முதல்லயும்..." எல்முராத் நிறுத்தினான். "எஜே, உங்களுக்குக் கையெழுத்து நல்லா வருமா?"

"நான் வாத்தியார்."

வரவேற்பு மேசையில் உடைமைப் பதிவுப் படிவம் ஒன்றை வாங்கினார்கள். உரிமையாளர் என்ற இடத்தில் சோனுன் அழகான கையெழுத்தில் 'தோரு' என்று எழுதினாள். உடைமை என்ற இடத்தில் தன் பெயரை எழுதும்போது பேனா ஒரு கணம் நின்றது, பிறகு எழுதியது. எல்முராத் அதைக் கிராம அலுவலகப் பகுதியின் வழியாகவே சேர்க்கச் சொன்னான். மேசைப் பெண் திரையையும் தாளையும் ஒப்பிட்டாள்.

"ஏற்கெனவே இப்படித்தானே இருக்கு? எதுக்கு மறுபடியும்?"

"உறுதிப்படுத்திக்கத்தான்."

"அப்படின்னா சரி," என்று முத்திரை குத்தினாள். மாற்றம் கேட்டிருந்தால் ஏழு கையெழுத்து வேண்டியிருந்திருக்கும்.

நிரல், தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டு, இரண்டு எண்களையும் புரட்டிப் போட்டது. ஞாயிற்றுக்கிழமை சரிபார்ப்பு ஓடியது. திங்கட்கிழமை காலையில் சோனுன் குடிமகளாகவும் தோரு குதிரையாகவும் இருந்தார்கள். இருபத்தெட்டாம் தேதி, குறித்த நேரத்தில், டாக்டர் கட்டியை எடுத்தார். கோழிமுட்டை அளவு இருந்தது. எல்முராத் மாலையில் போய் வார்டின் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தான். பேச முடியாததால் சோனுன் சிலேட்டில் எழுதிக் காட்டினாள். 'மருந்து மனிதருக்கானதுதான். கேட்டு வாங்கினேன்.'

மறுநாள் இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். கிளாரா ஜெக்ஷெனோவ்னாவும் இருந்தார். இருவருக்கும் முகம் வாடியிருந்தது.

"சட்டப் பிரிவுலருந்து ஒரு ஆட்சேபணை வந்திருக்கு," என்றார் கிளாரா ஜெக்ஷெனோவ்னா. "அந்தத் தோரு இப்ப குதிரையாம். அப்ப அன்னிக்கு நாங்க இருபது பேர்தான். தீர்மானம் செல்லாது. மூணு வருஷத்துல ஒரே ஒரு தீர்மானம்!"

"ஒரு நாள்," என்றார் ஷர்ஷென் ஒசோரோவிச். "ஒரே ஒரு நாள் பழையபடி மாத்திடுங்க. தீர்மானத்துல கையெழுத்துப் போட்டு அனுப்பிடுவோம். மறுநாள் அந்தம்மா மறுபடி மனுஷி."

"அவங்க கழுத்துல குழாயோட படுத்திருக்காங்க."

"படுத்தே இருக்கட்டுமே, யாரு எழுப்பப் போறா? மருந்த மட்டும்தானே நிறுத்துவாங்க. ஒரு நாளைக்கு."

எல்முராத் அவரைப் பார்த்தான். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஜன்னலை ஒரு நாள் சாத்தி வைப்பதைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னார்.

"சரி," என்று சொல்லிவிட்டு மேலே போனான். கேட்டதைச் செய்யவில்லை. பேரவை எதிர்த்து வாக்களித்த அந்தத் திருத்தத்தை எழுத உட்கார்ந்தான். மனிதருக்கு ஒரு வகை, குதிரைக்கு ஒன்று, தேன்பெட்டிக்கு ஒன்று, டிராக்டருக்கு ஒன்று. வாரக்கடைசியில் முடிந்தது. திங்கட்கிழமை கம்பைலரை ஓட்டினான். நிரல் உருவாகவில்லை. பிழைப் பட்டியல் ஓடிக்கொண்டே இருந்தது. ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டில் நின்றது. தாவ்லெத் எட்டிப் பார்த்து, வாய்க்குள் ஏதோ முனகிவிட்டு, நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டான்.

அறுபது பக்கம் அச்சாகி வந்தது. எல்முராத் கொண்டுபோய் இயக்குநரின் மேசை மேல் வைத்தான்.

"இது ஒவ்வொண்ணும் மனுஷன் எண்ணும் வேற ஏதோ ஒண்ணோட எண்ணும் கலந்து போயிருக்கற இடம், ஷர்ஷென் ஒசோரோவிச். ஒவ்வொரு இடத்துலயும் எத்தன பேரு விழுந்து கிடக்கறாங்கன்னு எனக்குத் தெரியாது."

இயக்குநர் பொறுமையாகப் பக்கங்களைப் புரட்டினார். "நீங்க இங்க சேர்றதுக்கு முன்னாடி, நம்ம நிரல்ல கம்பைலர் இந்த மாதிரி பிழை காட்டியிருக்கா?"

"காட்டல. காட்டறதுக்கு வழி இல்ல."

"ஒண்ணுகூட?"

"ஒண்ணுகூட."

"பத்து வாரத்துல ஆயிரத்து முந்நூத்திப் பன்னெண்டு," என்றார் ஷர்ஷென் ஒசோரோவிச். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "நான் எத்தனையோ மோசமான ஊழியர்களப் பாத்திருக்கேன் தம்பி. ஒரு தனி மனுஷன் இவ்வளவு பிழை கொண்டு வந்து நான் பாத்ததில்ல."

மதியத்துக்குள் எல்முராத்தின் வேலை போயிற்று. மூன்று மணிக்குப் பழைய நிரலைத் திரும்ப வைத்தார்கள். நான்கு மணிக்குச் சுற்றறிக்கை வந்தது. ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பிழைகளை ஒரே பிற்பகலில் முற்றிலும் ஒழித்த சாதனைக்காகப் பேரவைத் தலைவிக்குப் பாராட்டு. சோனுனை ஒரு நாள் குதிரையாக்கும் வேலையை தாவ்லெத்துக்கு ஒதுக்கினார்கள். தாவ்லெத் அந்தத் தாளை வாங்கி, ஏற்கெனவே அவன் மேசையில் இருந்த தாள்களின் அடியில் செருகினான். அவன் கையில் சேர்ந்த எந்த வேலையும் அதுவரை முடிந்ததில்லை. எல்முராத் அவன் தோளைத் தட்டிவிட்டுப் புறப்பட்டான்.

கீழே இறங்கியபோது கைகளில் அட்டைப்பெட்டி இருந்தது. வரவேற்பு மேசையின் முன் ஒரு மனிதர் கல்பாக் தொப்பியைக் கையில் பிடித்து நின்றுகொண்டிருந்தார். வெயிலில் கறுத்த முகம், தலாஸ் பக்கத்துப் பேச்சு.

"அம்மா, நான் ஒரு தேன்கூட்டுப் பெட்டின்னு சொல்றாங்க. யாரப் பாக்கணும்?"

மேசைப் பெண் மேலே தொலைபேசி போட்டாள். வெகுநேரம் அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

எல்முராத் அட்டைப்பெட்டியைத் தரையில் வைத்தான். "பைகே, எத்தன பெட்டி வாங்குனீங்க?"

"நாப்பது. ஏன்?"

"அப்ப உங்களுக்கு நாப்பது உரிமையாளர். உக்காருங்க, ஒவ்வொண்ணுக்கும் தலைகீழா ஒரு படிவம் எழுதணும்." மேசைப் பக்கம் திரும்பினான். "நாப்பது படிவம் குடும்மா."

"ஒரு ஆளுக்கு ஒரு படிவம்தான் குடுக்கலாம். விதி இருக்கு."

தலாஸ்காரர் தொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு, "நான்தான் ஆளே இல்லயாமே தாயி," என்றார்.

அவள் திரையைப் பார்த்தாள். விதியைப் பார்த்தாள். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. நாற்பதை எண்ணிக் கொடுத்தாள்.